பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க எவற்றைப் பார்க்க வேண்டும்?

சிறுவாணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வசிக்கிறேன். ஏழு லட்ச ரூபாய்க்குள் பழைய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்று வாங்கலாம் என்று சில மாதங்களாகத் தேடிப் பார்த்ததில், கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன.

முதலாவது, 2011 ஆகஸ்டில் டெல்லியில் பதிவான பி.எம்.டபிள்யூ. 520டி. பழைய கார் விற்கும் வியாபாரி ஒருவரிடம் நிற்கிறது. மீட்டரில் 62,000 கிலோமீட்டர் காட்டுகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே தோல் இருக்கைகள் புதிதுபோல் இருக்கின்றன. ஆறரை லட்சம் சொல்கிறார், ஆறுக்கு இறங்கி வருவார் என்று நினைக்கிறேன். சர்வீஸ் புத்தகம் முதல் உரிமையாளரிடமே தங்கிவிட்டதாகவும், வண்டியை வேறு ஊருக்கு மாற்றப் பழைய பதிவு அலுவலகம் தரும் தடையின்மைச் சான்றான என்ஓசி இன்னும் ஓரிரு வாரங்களில் வந்துவிடும் என்றும் சொல்கிறார். ஈரோட்டிலிருந்து வேறொருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறாராம். அதற்குள் ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்தால் எனக்காக நிறுத்தி வைப்பாராம்.

இரண்டாவது, 2008-இல் கோவையிலேயே பதிவான மெர்சிடிஸ் இ 280 சிடிஐ. விற்பவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வண்டிக்கு இரண்டாவது உரிமையாளர். மீட்டர் 1,71,000 காட்டுகிறது. முன் பம்பரின் நிறம் மற்ற பகுதிகளோடு சற்று ஒட்டவில்லை. ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் தேய்ந்து வெடித்திருக்கிறது. ஆனால் வண்டிக்குச் செய்த வேலைகளுக்கெல்லாம் பில் வைத்து, தடித்த கோப்பாகத் தைத்து வைத்திருக்கிறார். 2023-இல் பதிவையும் புதுப்பித்திருக்கிறார். ஐந்தேமுக்கால் லட்சம் கேட்கிறார், பேரம் பேச அவருக்கு மனமில்லை.

வீட்டில் எல்லோரும் முதல் வண்டியையே விரும்புகிறார்கள். வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வரத்தான் வண்டி. தினசரி ஓட்டம் அதிகம் இராது. இரண்டில் எதை எடுக்கலாம், எடுப்பதற்கு முன் எவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பழைய பட்டறை

ஐயா, ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் டோக்கன் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். அந்த ஈரோட்டுக்காரர் எல்லா ஊரிலும், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறவர்தான்.

சொகுசுக் காரின் விலை வருடத்துக்கு வருடம் விழுகிறது. அதன் உதிரிபாகத்தின் விலை விழுவதில்லை. ஆறு லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கும் பாகங்கள் புது வண்டிக்காரர் கொடுக்கும் அதே விலைக்குத்தான் வரும். அதனால் தோற்றத்தைப் பார்த்து வாங்காமல், இதுவரை அந்த வண்டிக்கு யார், எப்போது, என்ன செலவு செய்தார்கள் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 1,71,000 ஓடி, கோப்போடு நிற்கும் வண்டியை, 62,000 ஓடியதாகச் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு நிற்கும் வண்டியைவிட நான் உயர்வாகவே மதிப்பேன்.

கிலோமீட்டரைக் குறைப்பது இன்று மடிக்கணினியில் சில நிமிட வேலை. ஆனால் குறைப்பவர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மீட்டரை மட்டுமே தொடுவார். பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஓடிய தூரம் வேறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். அதைவிட முக்கியமாக, ஏதாவது கோளாறு ஏற்படும்போது அது எத்தனையாவது கிலோமீட்டரில் ஏற்பட்டது என்பதும் சேர்ந்தே பதிவாகும். எனவே அந்தக் கம்பெனி வண்டிக்கு உரிய ஸ்கேனர் வைத்திருப்பவரை அழைத்துச் சென்று, எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வண்டிக்கும் பொதுவான மலிவு ஸ்கேனரில் இஞ்சின் மட்டுமே தெரியும். ஒரு பிழைக் குறிப்புகூட இல்லாமல் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் மகிழாதீர்கள். பதினான்கு வயது வண்டியில் அப்படி இருக்காது, நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஸ்கேனர் கிடைக்காவிட்டாலும் பிரேக் பெடல் ரப்பரையும், ஸ்டியரிங் தோலையும், ஸ்டார்ட் பொத்தானில் எழுத்து மங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருக்கைக்குப் புதுத்தோல் போடுகிறவர்கள் பெடல் ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

இனி இஞ்சின். 2011 520டி வண்டியில் இருப்பது என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இஞ்சின். நன்றாக இழுக்கும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஆனால் இதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை செய்த இஞ்சின்களில் இந்தச் செயின் நீண்டுபோவதும், அதன் வழிகாட்டிகள் உடைவதும் உலகமெங்கும் அறியப்பட்ட குறை. செயின் அறுந்தால் இஞ்சினே போய்விடும். அறுவதற்கு முன் மாற்ற வேண்டுமென்றாலும் இஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க, இரவு முழுவதும் நின்று ஆறிய இஞ்சினைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, கண்ணாடிப் பக்கமாக, அதாவது இஞ்சினின் பின்புறம், காது கொடுத்துக் கேட்க வேண்டும். உலோகம் உரசுவதுபோன்ற ஒலி வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், அன்று பரிசோதனை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு வேறொரு நாள் சொல்லாமல் போங்கள்.

இ 280 சிடிஐ வண்டியில் இருப்பது ஓஎம்642 என்ற மூன்று லிட்டர் வி6 டீசல். இதன் செயின் பற்றி அவ்வளவு அச்சமில்லை. இதற்குரிய நோய் வேறு. ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், டர்போவுக்கு அடியில் புதைந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் வெப்பத்தில் இறுகிப்போய் ஆயில் கசியத் தொடங்கும். கசிந்த ஆயில் பள்ளம் நிறைந்து, இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் கீழே சொட்டும். சீல் சில நூறு ரூபாய்ப் பொருள்தான். அதை எட்டுவதற்கு மேலே இருப்பவற்றையெல்லாம் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி பெரிதாகிவிடும். வண்டியைத் தூக்கி அந்த இடத்தைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கோப்பில் அந்த வேலைக்குப் பில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் முனையில் ஒரு சீல் வளையம் இருக்கும். அது கெட்டால் ஆயில் துளித்துளியாகக் கீழே உள்ள சிறிய மோட்டார்மேல் விழுந்து அதையும் கெடுக்கும். அந்த வளையம் மாற்றப்பட்டிருந்தால், வேலை தெரிந்த ஆள் கைவைத்த வண்டி என்று நம்பலாம்.

அந்த வண்டியின் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 60,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றியிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுத் தட்டில் வேகத்தை அளக்கும் சென்சார் போனால், கியர் மாறாமல் ஒரே கியரில் நின்றுவிடும். வேறொரு வண்டியில் கழற்றிய தட்டை அப்படியே மாட்டவும் முடியாது, ஏனெனில் அது அந்தந்த வண்டிக்கென்று பூட்டப்பட்டது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியாக இருந்தால், மாலையில் சக்கர வளைவின் உயரத்தை அளந்து வைத்து, மறுநாள் காலை மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. 2006-க்கு முந்தைய இ கிளாஸில் மின்னணு பிரேக் அமைப்பு ஒன்று இருந்து, லட்சக்கணக்கான வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. உங்களுடையது 2008 என்பதால் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக வெள்ளம். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளும், 2023 ஜூலையில் யமுனை பெருகியபோது டெல்லியில் மூழ்கியவையும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. டிக்கியின் அடித்தரையைத் தூக்கிப் பாருங்கள்; 520டி வண்டியில் பேட்டரியே அங்கேதான் இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கறுப்பு அங்கி

மேலே எழுதியவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டார்; நான் காகிதங்களைப் பார்க்கிறேன். என் அனுபவத்தில் இஞ்சினில் ஏமாந்தவர் பண நஷ்டத்தோடு தப்பிவிடுகிறார், காகிதத்தில் ஏமாந்தவர்தான் நீதிமன்றப் படி ஏறுகிறார்.

டெல்லி வண்டிகள் ஏன் இவ்வளவு மலிவாகத் தெற்கே வருகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிப்படுத்தியது. அதன்படி நீங்கள் சொல்லும் 520டி வண்டிக்கு டெல்லியில் 2021 ஆகஸ்டோடு காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வண்டி எங்கே நின்றது, அல்லது எங்கே ஓடியது? இன்சூரன்ஸ் எந்தெந்த ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு வியாபாரியிடம் நேரான பதில் இல்லையென்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

என்ஓசி என்பது எந்த ஊருக்கும் செல்லும் பொதுச் சீட்டு அன்று. எந்தப் பதிவு அலுவலகத்துக்கு வண்டி மாறுகிறது என்பது அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ எடுத்த என்ஓசி உங்களுக்கு உதவாது. கையில் என்ஓசி வந்து, அதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

வெளி மாநில வண்டியை இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டுக்குரிய ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுக்கும் ஆறு லட்சத்தின்மேல் வருவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வண்டி புதிதாக விற்கப்பட்டபோதிருந்த விலையையும் அதன் வயதையும் கொண்டே கணக்கிடுவார்கள் என்பதால், சொகுசுக் காருக்கு அந்தத் தொகை கனமாகவே இருக்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று தோன்றியது மலிவாக இராது. அதோடு, சொந்த உபயோக வண்டியின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். இந்த 520டி வண்டிக்கு 2026 ஆகஸ்டோடு அது முடிகிறது. பிறகு பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 5,000 ரூபாயாக்கினார்கள். இறக்குமதி செய்த காருக்கோ 40,000. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் நம் செங்கல்பட்டுப் பக்கத்தில்தான் வண்டிகளைக் கோத்து வருகிறது. ஆனாலும் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பெரியவரின் பென்ஸ் 2023-இல் புதுப்பிக்கப்பட்டுவிட்டதால் 2028 வரை இந்த வேலை இல்லை.

கடன் விஷயம். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால், வங்கியின் தடையின்மைக் கடிதமும் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் இல்லாமல் அந்தப் பெயர் நீங்காது. கடன் அடைந்துவிட்டது என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. நிலுவையில் உள்ள அபராதச் சலான்களையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

வியாபாரிகள் பலர், முந்தைய உரிமையாளரிடம் தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து வாங்கிய, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றை வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றுகிறார்கள். பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் பழையவரே. விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அதனால் பெயர் மாறுவதில் விற்பவருக்கும் அக்கறை இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் உண்மையான விற்பவரா என்பதையே ஐயப்படலாம். மேலும் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா என்பதே உங்களுக்குப் பாதி விடை.

நாலுசக்கரம்

அம்மாவை ஊருக்கு அழைத்துப் போகத்தான் வண்டி என்றால், இந்த விலைக்கு ஒரு பழைய டொயோட்டா கேம்ரியோ ஹோண்டா அக்கார்டோ பாருங்களேன். பின்னிருக்கை அகலம், பெட்ரோல் இஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பார். பேட்ஜின்மேல், அதாவது கம்பெனிப் பெயரின்மேல், ஆசை இருந்தால் அது வேறு கணக்கு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மதுரை புறவழிச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி நின்றுவிட்டால், ஜெர்மன் ஸ்கேனரை அங்கே எங்கே தேடுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிறுவாணி

மூவருக்கும் மிக்க நன்றி. நாலுசக்கரம் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள கேம்ரியை இந்த விலைக்குள் இங்கே பார்க்க முடியவில்லை. பேட்ஜ் ஆசையும் கொஞ்சம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வியாபாரியிடம் போனோம். இஞ்சின் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பார்க்கிங் சென்சார் பெட்டியில் ஒரு பழைய கோளாறு அழிக்கப்படாமல் கிடந்தது. அது பதிவான தூரம் 1,38,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. மீட்டர் 62,000 காட்டும் வண்டியில் இது எப்படி வந்தது என்று கேட்டதற்கு, ஸ்கேனர் பழுது என்றார் வியாபாரி. என்ஓசியின் நகலை வற்புறுத்திக் கேட்டபோது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் கர்நாடகத்தில் உள்ள ஒரு பதிவு அலுவலகத்தின் பெயர் இருந்தது. அங்கீகாரச் சான்றைக் கேட்கும் அவசியமே ஏற்படவில்லை.

பென்ஸைக் காலையில் ஆறிய நிலையில் பார்த்தோம். பெரியவரே சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஸ்டார்ட் ஆனதும் ஒலி சீராக இருந்தது, புகை இல்லை. கோப்பில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு இரண்டு பில்கள் இருக்கின்றன, ஆயில் கூலர் சீலுக்கு இல்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஈரமும் அதன்மேல் படிந்த புழுதியும் இருந்தன; சொட்டவில்லை. பம்பர், வீட்டு வாசல் தூணில் இடித்ததால் பெயிண்ட் அடித்ததாம். இப்போது விலை பேசலாமா, பணத்தை எப்படிக் கொடுப்பது?

பழைய பட்டறை

அந்த ஈரம் கூலர் சீலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கியதும் செய்தாக வேண்டிய வேலை. ஆனால் வண்டியை விட்டுவிட வேண்டிய காரணம் அன்று. உங்களோடு வந்த பட்டறைக்காரரிடமே எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைப் பெரியவரிடம் காட்டி அந்தத் தொகையை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பில் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளவர் பில்லுக்கு மதிப்பளிப்பார். பொத்தாம்பொதுவாக "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். பம்பர் பற்றி அவர் சொன்னதைச் சரிபார்க்க, பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையையும் பாருங்கள். பெயிண்ட் உரியாமல் இருந்தால் இடி பம்பரோடு நின்றுவிட்டது. எப்படியும் விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் தயாரித்த ஆண்டு, அதையும் பார்த்துக்கொண்டால் முதல் செலவு எது என்று தெரிந்துவிடும்.

கறுப்பு அங்கி

நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். முழுப் பாதுகாப்புப் பாலிசியாக இருந்து, கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி 50 சதவீதம் என்றிருந்தால், குறைந்தது ஐந்து ஆண்டுகள் இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை. தூணில் இடித்த கதை அதோடு பொருந்தும். அந்தத் தள்ளுபடி அவருக்கு உரியது, உங்களுக்கு வராது. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்குப் பணம் வருவது சிக்கலாகிவிடும். இந்த வயது வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு அட்டவணைப்படி வராது, நிறுவனத்தோடு பேசி முடிவு செய்வதே. மிகக் குறைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே, ஆர்சியில் உள்ள பெயருக்கே போகட்டும். முன்பணம் கொடுப்பதென்றால் சிறு தொகையாகக் கொடுத்து, பெயர் மாற்றத்துக்குத் தடை வந்தால் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படிவங்களில் உங்கள் பெயரும் தேதியும் நிரப்பப்பட்ட பிறகே பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மீதித் தொகை அனுப்பிய அன்றே, வண்டியைப் பெற்றுக்கொண்ட தேதியையும் நேரத்தையும் மீட்டர் அளவையும் குறித்த ரசீது ஒன்றை இரு பிரதிகளாக எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய சலான் அவருடையது, பிந்தையது உங்களுடையது. இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். இந்த பென்ஸுக்கு மூன்றாவது சாவி செய்வது ஒரு டயர் வாங்குவதைவிடச் செலவு பிடிக்கும்.